ஆறேகால் வண்டியில் வந்தவன்

நேசமலர்: ஓட்டோவிலை ஏறினதிலையிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டு வாறியள். படம் கூடாது, படம் கூடாது எண்டால்... என்னப்பா கூடாது?

நாகேந்திரம்: முதல்ல கதவைத் திறவும். படியிலை நிண்டு கதைச்சால் வெள்ளவத்தை முழுக்கக் கேக்கும்.

நேசமலர்: திறப்பு உங்களிட்டையெல்லோ.

நாகேந்திரம்: என்னட்டையோ... ஓம். இந்தாரும்.

நேசமலர்: மணி அஞ்சரையாகுது. அம்மாவும் பக்கத்து வீட்டு ஐறீன் அக்காவும் அந்தோனியார் கோயிலாலை வெளிக்கிட்டு, கொட்டாஞ்சேனையிலை பஸ் பிடிச்சு, செக்பொயின்ரிலை இறங்கி ஏறி வர ஆறு ஆறேகாலாகும். அதுக்குள்ளை சொல்லுங்கோ. சனிக்கிழமை அம்மாவை இந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போறமோ இல்லையோ?

நாகேந்திரம்: இல்லை.

நேசமலர்: ஏன்?

நாகேந்திரம்: படம் சரியில்லை.

நேசமலர்: நானும் உங்களுக்குப் பக்கத்திலை இருந்துதானே பாத்தனான். என்ன வடிவான படம். அந்த மலையும் பனியும்... முதல் கட்டத்திலை வண்டி வளைஞ்சு வரேக்கை எனக்குப் பக்கத்திலை இருந்த மனிசி வாயிலை கையை வைச்சிட்டா.

நாகேந்திரம்: அதைத்தான் நானும் சொல்லுறன். வடிவு. எல்லாம் வடிவு. வண்டி வடிவு, புகை வடிவு. ஸ்ரேசன் மாஸ்டர் கூட வடிவு. ஒரு ஸ்ரேசன் மாஸ்டர் அவ்வளவு வடிவா இருக்கலாமோ?

நேசமலர்: இருந்தால் உங்களுக்கு என்ன?

நாகேந்திரம்: நான் கொடிகாமம் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை வளந்தனான். எத்தினை மாஸ்டர்மாரைப் பாத்திருப்பன். ஒருத்தர் கூட...

நேசமலர்: கதையை மாத்தாதேங்கோ. கொழும்புக்கு வந்து ஏழு வருசம். அம்மா வாய் திறந்து ஒரு சீலை கூடக் கேக்கேல்லை. போன கிழமைதான், 'தம்பி, ஆறேகால் வண்டி கதை படமா வந்திருக்காம், ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறீரோ' எண்டு கேட்டவ. நீங்கள் என்ன சொன்னனியள்?

நாகேந்திரம்: பாப்பம் மாமி எண்டனான்.

நேசமலர்: பாப்பம் எண்டுபோட்டு, அவ கோயிலுக்குப் போற செவ்வாய்க்கிழமையாப் பாத்து, அரைநாள் லீவு போட்டு, என்னையும் போடச் சொல்லி, கள்ளமாக் கூட்டிக்கொண்டு போனியள். கலியாணம் கட்டி ஆறு வருசத்திலை என்னை ஒரு நாளும் கள்ளமாக் கூட்டிக்கொண்டு போகேல்லை.

நாகேந்திரம்: அதுக்கு இப்ப கவலையோ?

நேசமலர்: இல்லை, சந்தோசமாத்தான் இருந்தது. தியேட்டர் வாசல்லை பொலிஸ்காரங்கள் என்ரை பையைக் கவிட்டுக் கொட்டிப் பாக்காமல் விட்டிருந்தால் இன்னும் சந்தோசமா இருந்திருக்கும். சீப்பு, தைலம், ஐடென்ரிக் காட்... எல்லாம் சனத்துக்கு முன்னாலை.

நாகேந்திரம்: எனக்கு அதில்லை பயம். மாமி போற கோயிலுக்கும் தியேட்டருக்கும் ரெண்டு சந்திதான் இடையிலை. ஆராவது கண்டு சொல்லிப்போடுவினமோ எண்டு வேர்த்துப் போச்சு.

நேசமலர்: அப்பிடிக் கள்ளமாப் பாத்த படத்தைத்தான் இப்ப கூடாதெண்டுறியள். சரி. என்ன கூடாது? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ, நான் தேத்தண்ணி வைச்சுக்கொண்டு கேக்கிறன்.

நாகேந்திரம்: சீலை.

நேசமலர்: சீலையோ?

நாகேந்திரம்: புத்தகத்திலை அந்தத் தாய் பாக்கியத்துக்கு எத்தினை சீலை? ரெண்டு. ஒண்டு உடுத்தால் ஒண்டு கொடியிலை. ஸ்ரேசனுக்குப் பின்னாலை முறுக்குச் சுட்டு விக்கிற மனிசி. படத்திலை நான் எண்ணினனான்... பதினாலு. அதிலையும் சுவருக்கு மஞ்சள் அடிச்சிருந்தால் அவவுக்குக் கத்தரிப்பூ. சுவர் பச்சையெண்டால் அவவுக்குச் சிவப்பு.

நேசமலர்: நீங்கள் சீலை எண்ணத்தான் போனியள் போலை.

நாகேந்திரம்: வேறை என்ன செய்யிறது? நெஞ்சிலை ஒண்டும் ஏறேல்லை, எண்ணிக்கொண்டு இருந்தன். பிறகு தலைமயிர். பதின்மூண்டு வருசம் பிள்ளையைத் தேடி அழுத தாய். தலை நரைச்சிருக்கு, சரி. ஆனால் ஒரு மயிர் கலையேல்லை.

நேசமலர்: அவவின்ரை சமையல் குசினியைப் பாத்தியளோ? எங்கடை முழு வீட்டையும் அதுக்குள்ளை வைச்சிட்டு, மிச்சத்துக்கு ஐறீன் அக்காவை வாடகைக்கு இருத்தலாம்.

நாகேந்திரம்: பாரும், நீரும் சொல்லுறீர்.

நேசமலர்: நான் நல்லதெண்டோ சொன்னனான்? வடிவெண்டுதானே சொன்னனான். எனக்கும் அந்தப் பாத்திரம் கழுவிற கட்டம் சரிவரேல்லை.

நாகேந்திரம்: அதைச் சொல்லும்.

நேசமலர்: புத்தகத்திலை பக்கத்து வீட்டுக்காரி வந்து, 'இனி அவன் வரமாட்டான், விடு' எண்டு சொல்லுவா. பாக்கியம் ஒரு வார்த்தை கதைக்கமாட்டா. இருந்து பாத்திரம் கழுவுவா. ரெண்டு பக்கத்துக்குக் கழுவுவா. கழுவினதையே திருப்பிக் கழுவுவா. அதை வாசிச்ச அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை.

நாகேந்திரம்: படத்திலை?

நேசமலர்: படத்திலை எல்லாம் பித்தளைப் பாத்திரம். விளக்கு வெளிச்சம் அதிலை பட்டு, பாத்திரம் மினுங்குது, தண்ணி மினுங்குது, கைவளையல் மினுங்குது. அவவின்ரை முகத்தைத்தான் காணேல்லை. பிறகு பாத்தால் பூந்தோட்டத்துக்குள்ளை நிண்டு பாட்டு.

நாகேந்திரம்: பின்னாலை இருவது பெட்டையள் முறுக்குத் தட்டோடை ஆடுறாளவை. நேசம், அந்தப் படத்திலை வேலை செய்தது கமெறாக்காரன் ஒருத்தன்தான். மற்றவையெல்லாம் லீவு.

நேசமலர்: உங்களைப் போலை அரைநாள் லீவு.

நாகேந்திரம்: அப்ப முடிஞ்சுதெல்லோ? படத்திலை ஆழமில்லை. மாமியைக் கூட்டிக்கொண்டு போறதிலை பிரியோசனமில்லை.

நேசமலர்: ஓமோம். அவ வந்தவுடனை சொல்லுங்கோ, 'மாமி, படத்திலை ஆழமில்லை' எண்டு. அவ என்ன சொல்லுவா தெரியுமோ? 'பரவாயில்லைத் தம்பி, நான் மலையைப் பாத்திட்டு வாறன்' எண்டுவா.

நாகேந்திரம்: கோச்சி போகட்டும் எண்டு பாக்கிறன். இந்தக் கடற்கரைத் தண்டவாளத்திலை கோச்சி போகேக்கை ஒண்டும் கேக்காது.

நேசமலர்: கோச்சி போய் எவ்வளவு நேரம். இஞ்சை என்னைப் பாருங்கோ. சீலையுமில்லை, தலைமயிருமில்லை. என்ன காரணம்?

நாகேந்திரம்: கடைசிக் கட்டம்.

நேசமலர்: கடைசிக் கட்டத்துக்கு என்ன?

நாகேந்திரம்: உமக்குத் தெரியாதோ? பாத்தனீர்தானே. மகன் போன நாளிலையிருந்து அவ ஒவ்வொரு நாளும் அந்த ஆறேகால் வண்டிக்குப் போய் நிக்கிறா. கடைசியிலை வண்டியையே நிப்பாட்டிப்போட்டாங்கள். தண்டவாளத்தையும் கழட்டிறாங்கள். அவ அப்பவும் வந்து நிக்கிறா. அந்த மகன் சாமிநாதன் வரேல்லை. படம் முடிஞ்சுது.

நேசமலர்: ஓம். மேலையிருந்து மஞ்சள் பூவாக் கொட்டினது. வடிவா இருந்தது.

நாகேந்திரம்: வடிவு கிடக்கட்டும். மாமி அதை எப்பிடிப் பாப்பா? உங்கடை பெரியண்ணா சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியிலை போய்த் திரும்பாமல் பத்து வருசம். இண்டைக்கும் கொழும்பிலை தமிழர் குடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுக்கு நான் படிவம் நிரப்பேக்கை, வீட்டிலை இருக்கிற ஆக்கள் எண்ட இடத்திலை அவரின்ரை பேரையும் எழுதச் சொல்லுறவ. எழுதினால் ஆள் எங்கை எண்டு கேப்பாங்கள் மாமி எண்டால், 'வந்தவுடனை காட்டுவம்' எண்டுறா. அப்பிடிப்பட்ட மனிசியைக் கொண்டுபோய் இருத்தி, பாருங்கோ மாமி, அவன் வரமாட்டான் எண்டு காட்டச் சொல்லுறீரோ?

நேசமலர்: எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. புத்தகத்திலை அவன் வந்தவன்தானே? நீங்கள்தானே அம்மாவுக்குச் சொன்னது. அம்மா பழைய புத்தகக் கடையிலை எடுத்த புத்தகம். கடைசிப் பக்கங்கள் இல்லை. நீங்கள் என்னைப் பொம்பிளை பாக்க வந்து இந்தக் கதிரையிலை இருக்கேக்கை அவ கேட்டவ, 'தம்பி இந்தக் கதை வாசிச்சிருக்கிறீரோ, என்னெண்டு முடியுது' எண்டு. வந்திட்டான் எண்டு நீங்கள் சொன்னனியள். நான் குசினிக் கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டனான்.

நாகேந்திரம்: ஓம்... சொன்னனான்.

நேசமலர்: அப்ப படக்காரன் முடிவை மாத்திப்போட்டான். எல்லாத்தையும் மாத்தின மாதிரி.

நாகேந்திரம்: நேசம்... அவன் எல்லாத்தையும் மாத்தினவன்தான். அதை ஒண்டை மட்டும் மாத்தாமல் விட்டிட்டான்.

நேசமலர்: எதை?

நாகேந்திரம்: புத்தகத்திலையும் அவன் வரேல்லை.

நேசமலர்: ஓகோ.

நாகேந்திரம்: ஊரிலையுள்ள படக்காரரெல்லாம் கதையைக் கெடுக்கிறாங்கள், செத்தவனை எழுப்பிக் கலியாணம் கட்டி வைக்கிறாங்கள். இவனும் அப்பிடிச் செய்திருப்பான் எண்டு நம்பித்தான் போனனான். கடைசி அரை மணித்தியாலம் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தன். எப்பிடியாவது இவனைக் கெடுக்க வை எண்டு.

நேசமலர்: அப்ப, பொம்பிளை பாக்க வந்த முதல் நாளே எங்கடை அம்மாவுக்குப் பச்சைப் பொய் சொல்லியிருக்கிறியள்.

நாகேந்திரம்: பின்னை என்னத்தைச் சொல்லுறது? மேசையிலை உங்கடை அண்ணாவின்ரை படம் இருந்தது. புறோக்கர் வரேக்கையே சொன்னவர், மூத்த மகனைப் பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ, தேடிக்கொண்டு இருக்கினம் எண்டு. அவ என்ரை வாயையே பாத்துக்கொண்டு இருக்கிறா. வரமாட்டான் எண்டு சொல்ல எனக்கு நாக்கு எழும்பேல்லை.

நேசமலர்: வந்திட்டான் எண்டு மட்டுமோ சொன்னனியள்? என்னெண்டு வந்தவன் எண்டும் சொன்னனியள்.

நாகேந்திரம்: அவ கேட்டவ. நான் என்ன செய்ய?

நேசமலர்: சனமெல்லாம் இறங்கிற பக்கம் அவன் இறங்கேல்லை, மற்றப் பக்கத்தாலை குதிச்சு, தண்டவாளத்தைக் கடந்து, தாய்க்குப் பின்னாலை வந்து நிண்டு, 'ஆரை அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறாய்' எண்டு கேட்டவனாம்.

நாகேந்திரம்: அது எங்கடை கொடிகாமத்துப் பழக்கம். ரிக்கற் இல்லாமல் வாற பொடியள் எல்லாரும் மற்றப் பக்கத்தாலைதான் குதிக்கிறது. அந்த நேரம் அதுதான் வாயிலை வந்தது.

நேசமலர்: பெரியண்ணாவும் அப்பிடித்தான் குதிக்கிறவர்.

நாகேந்திரம்: உண்மையாவோ?

நேசமலர்: அம்மா ஏசுறவ, கால் முறியப் போகுது எண்டு. நீங்கள் அதைச் சொல்லேக்கை நான் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

நாகேந்திரம்: எனக்கு ஆறு வருசமா ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை.

நேசமலர்: எனக்கும் ஆறு வருசமா நீங்கள் அது பொய்யெண்டு சொல்லேல்லைத்தானே.

நாகேந்திரம்: கோவமோ?

நேசமலர்: கோவமெண்டால் அண்டைக்கே வந்திருக்கும். அது பொய் எண்டு எனக்கு அப்பவே தெரியும்.

நாகேந்திரம்: எப்பிடி? கடைசிப் பக்கங்கள்தான் இல்லையே.

நேசமலர்: இல்லாமல் போகேல்லை. அம்மா மத்தியானம் நித்திரை கொள்ளுற நேரம் நான் அவவுக்கு முந்தி வாசிச்சு முடிச்சிட்டன். முடிச்சாப்போலை எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. அவ அப்ப பாதி தாண்டிட்டா. நாளைக்கோ நாளையிண்டைக்கோ கடைசிக்கு வந்திடுவா. நான் என்ன செய்ய?

நாகேந்திரம்: என்ன செய்தனீர்?

நேசமலர்: கிழிச்சன்.

நாகேந்திரம்: நீரோ?

நேசமலர்: பதினெட்டுப் பக்கம். சுருட்டிக்கொண்டு போய்க் கடலிலை எறிஞ்சன். பழைய புத்தகந்தானே, பக்கம் குறையிறது வழமை எண்டு அவ நினைப்பா எண்டு விட்டிட்டன். அவ என்னடாவெண்டால் முடிவு தெரியாமல் வீட்டுக்கு வாற போற எல்லாரையும் கேக்கத் துவங்கிட்டா. ஆராவது உண்மையைச் சொல்லிப்போடுவினம் எண்டு எனக்கு ஒரே பயம். அதுக்குள்ளை நீங்கள் வந்து இருந்தியள்.

நாகேந்திரம்: அப்ப என்ரை பொய்யைக் கேட்டுக்கொண்டுதான் தேத்தண்ணியோடை வெளியிலை வந்தனீரோ?

நேசமலர்: அதுவரைக்கும் எனக்கு உங்களைப் பிடிக்கேல்லை. யன்னலாலை பாத்தனான். சேட்டுக் கையை அரைவாசி மடிச்சுப்போட்டு, அதுவும் ஒரு கை மேலை, ஒரு கை கீழை.

நாகேந்திரம்: கொட்டாஞ்சேனை அறையிலை கண்ணாடி இல்லை, நேசம். ஆறு பேருக்கு ஒரு அறை.

நேசமலர்: சரி சரி. இப்ப ரெண்டு கள்ளரும் ஒரு கட்சி. மணி ஆறு. என்ன செய்யப் போறம்?

நாகேந்திரம்: எனக்கு ஒரு யோசனை. படத்தை நானே மாமிக்கு முழுக்கக் கதையாச் சொல்லிப்போடுறன். முழுப் படமும் கேட்டாப் பிறகு ஆர் போய்ப் பாக்கிறது?

நேசமலர்: நாங்கள் போனது தெரிஞ்சுபோமே.

நாகேந்திரம்: நாங்கள் போகேல்லை. எங்கடை ஒப்பீஸ் மஷூர் போனவர்.

நேசமலர்: மாளிகாவத்தை மஷூரோ? பாவம் அந்த மனிசன்.

நாகேந்திரம்: அவர் பாத்திட்டு வந்து எனக்குச் சொன்னவர். சண்டை கிண்டை ஒண்டுமில்லை, சனம் நித்திரை கொள்ளுதாம், வயசு போன ஆக்களுக்குக் கதிரை சரியில்லையாம் எண்டும் சொன்னவர்.

நேசமலர்: முடிவு?

நாகேந்திரம்: அவன் வாறான்.

நேசமலர்: திரும்பவுமோ?

நாகேந்திரம்: ஒருக்கா வந்தவன்தானே. ரெண்டாந்தரம் வாறதுக்கு என்ன.

நேசமலர்: அப்ப வடிவாப் பேசி வைப்பம். அம்மா துருவித் துருவிக் கேப்பா. ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லோணும். என்ன உடுப்பு?

நாகேந்திரம்: நீலச் சேட்டு.

நேசமலர்: அந்தப் படத்திலை நீலமே இல்லையப்பா. ஐறீன் அக்கா போய்ப் பாத்தால் பிடிபட்டிடுவம்.

நாகேந்திரம்: ஐறீன் பாத்தால் அவன் வராததுமெல்லோ தெரிஞ்சுபோம். அது பிறகு பாப்பம். சரி, வெள்ளைச் சேட்டு.

நேசமலர்: வெள்ளை. கையிலை?

நாகேந்திரம்: தகரப் பெட்டி.

நேசமலர்: தாடி?

நாகேந்திரம்: தாடி இல்லை.

நேசமலர்: பதின்மூண்டு வருசம் கழிச்சு வாறவனுக்குத் தாடி இல்லையோ?

நாகேந்திரம்: இருந்தது. வண்டி ஓடிக்கொண்டு இருக்கேக்கை கண்ணாடி இல்லாமல் தடவித் தடவிச் சவரம் எடுத்தவன். கன்னத்திலை ரெண்டு இடத்திலை வெட்டு.

நேசமலர்: ஏன்?

நாகேந்திரம்: தாய்க்கு அடையாளம் தெரியோணுமெல்லோ.

நேசமலர்: இதையெல்லாம் எங்கையிருந்து எடுக்கிறியள்? அந்தப் படக்காரன் மலையடிவாரத்திலை போய் நிக்கிறதுக்குப் பதிலா உங்களிட்டை வந்திருக்கலாம்.

நாகேந்திரம்: உஸ்... படியிலை சத்தம். மாமிதான். போய்த் தேத்தண்ணியைப் பாரும்.

அம்மா: பிள்ளை, கதவைத் திறந்து போட்டிட்டே இருக்கிறியள்? தம்பியும் வெள்ளெண வந்திட்டார்.

நாகேந்திரம்: ஓம் மாமி, இண்டைக்கு வேலை குறைவு. கோயில் எப்பிடி? சனமோ?

அம்மா: நல்ல சனம். ஒரு கதிரையும் மிச்சமில்லை.

நேசமலர்: கோயிலிலை கதிரையோ அம்மா?

அம்மா: இருக்கிறதுக்கு இடமில்லை எண்டு சொல்லுறன் பிள்ளை. தேத்தண்ணியைக் கொண்டு வா. தம்பி, அந்தப் படக் கதை என்ன மாதிரி? சனிக்கிழமை போகலாமோ?

நாகேந்திரம்: அதைத்தான் சொல்ல இருந்தனான் மாமி. எங்கடை மஷூர் பாத்திட்டு வந்தவர். பெரிசாச் சொல்லிறதுக்கு இல்லையாம். கண்ணுக்கு மட்டும் வடிவாம்.

அம்மா: அப்பிடியோ.

நாகேந்திரம்: ஒரு பொட்டுக் கண்ணீர் வரேல்லையாம். பாக்கியத்துக்குப் பதினாலு சீலையாம்.

அம்மா: மஷூர் சீலையும் எண்ணுறவரோ?

நாகேந்திரம்: அவர்... அவரின்ரை தமையன் புறக்கோட்டையிலை புடவைக் கடை மாமி.

அம்மா: அதுதானே பாத்தன். முடிவு என்னெண்டு சொன்னவர்? நீர் அண்டைக்குச் சொன்ன மாதிரித்தானோ?

நாகேந்திரம்: அப்பிடியே அச்சொட்டா அதேதான். மகன் வாறான்.

அம்மா: என்ன சேட்டு?

நாகேந்திரம்: வெள்ளை.

நேசமலர்: நீலம் அம்மா.

நாகேந்திரம்: நேசம்...

நேசமலர்: இல்லை, வெள்ளை. வெள்ளை எண்டுதான் மஷூர் சொன்னவர். நான் பதட்டத்திலை... தேத்தண்ணி கையிலை பட்டிட்டுது.

அம்மா: வெள்ளையிலை நீலக் கோடாக்கும். சொல்லும் தம்பி.

நாகேந்திரம்: இறங்கிற பக்கத்தாலை இறங்கேல்லை. மற்றப் பக்கம். கையிலை தகரப் பெட்டி. முகத்திலை தாடி மீசை ஒண்டுமில்லை. ஓடுற வண்டியிலை, கண்ணாடி கூட இல்லாமல், தடவித் தடவிச் சவரம் எடுத்தவன். கன்னமெல்லாம் வெட்டு.

அம்மா: என்னத்துக்கு?

நாகேந்திரம்: தாய்க்கு அடையாளம் தெரியோணும் எண்டு.

அம்மா: பிள்ளை, சீனி கொஞ்சம் கூடிப்போச்சு. தம்பி, மஷூர் எந்த நேரப் படம் பாத்தவர்?

நாகேந்திரம்: ரெண்டரைப் படம் மாமி.

அம்மா: எண்டைக்கு?

நாகேந்திரம்: இண்... ஞாயிற்றுக்கிழமை.

அம்மா: ஞாயிற்றுக்கிழமை அவன் வந்திருக்கலாம். இண்டையான் ரெண்டரைப் படத்திலை வரேல்லை.

நேசமலர்: அம்மா, நீங்கள்...

அம்மா: ஐறீன்ரை தமையன் பேர்னாட் அங்கை வாசல்லை நிண்டு ரிக்கற் கிழிக்கிறவர். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியைக் கொழுத்திப்போட்டு அப்பிடியே போய் இருந்திட்டம். உங்களுக்கு நாலு வரிசை பின்னாலை. மஷூரைக் காணேல்லை. அவர் இருக்கவேண்டிய கதிரையிலை நீர்தான் இருந்தனீர்.

நாகேந்திரம்: மாமி, நான் வந்து...

அம்மா: கடைசிக் கட்டத்திலை சனமெல்லாம் கச்சான் கொறிக்குது. நீர் ஒராள்தான் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைச்சது.

நாகேந்திரம்: அது அழுகையில்லை மாமி, வேர்வை. நீங்கள் இதைப் பாத்தால் என்ன செய்வியள் எண்டு யோசிச்சு வந்த வேர்வை.

நேசமலர்: பாத்திட்டியளே அம்மா. உங்களுக்கு... ஒண்டும் செய்யேல்லையோ?

அம்மா: படமோ? நல்ல குளிர்ச்சியான படம். மலை வடிவு, பூ வடிவு. ஐறீன் அந்தச் சீலையளைப் பாத்துப் பாத்து என்ரை தொடையிலை கிள்ளினவ. வேறை ஒண்டும் செய்யேல்லை. அந்த மனிசி பிள்ளையைத் துலைச்சவ மாதிரி இல்லை. குடையைத் துலைச்சவ மாதிரி நிக்கிறா.

நாகேந்திரம்: முடிவு, மாமி... நான் அண்டைக்குச் சொன்னது...

அம்மா: முடிவு எனக்கு அண்டைக்குத் தெரியாததோ தம்பி? மூத்தவன் வயித்திலை இருக்கேக்கை, இந்தியாவிலையிருந்து வாற கிழமைப் பத்திரிகையிலை அது தொடரா வந்தது. வாசிச்சு அழுது அழுது, இவவின்ரை அப்பாவிட்டைப் பேச்சும் வாங்கினனான்.

நேசமலர்: அப்ப நான் கிழிச்சது...

அம்மா: புத்தகம் பழுத்துக் கறுத்துப்போய்க் கிடக்கு. கிழிஞ்ச விளிம்பு மட்டும் வெள்ளை வெளேரெண்டு இருக்கு. வேறை ஆர் கிழிக்கிறது? நீ கண் வீங்கிப்போய்த் திரிஞ்சாய். சரி, பிள்ளை தாய்க்காகச் செய்திருக்குது, தெரியாத மாதிரி இருப்பம் எண்டு இருந்திட்டன்.

நேசமலர்: நாங்கள் பெரியண்ணாவை நினைச்சு உங்களுக்குத் தாங்காதெண்டு...

அம்மா: அவன் வாறதும் வராததும் எனக்கும் கடவுளுக்கும் உள்ள வழக்கு. அதைக் கதைப்புத்தகமோ படமோ தீர்க்கப்போறதில்லை. அழாதை, தேத்தண்ணியைக் குடி.

நாகேந்திரம்: மாமி, எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. முடிவு தெரிஞ்சுகொண்டு ஏன் என்னட்டைக் கேட்டனியள்?

அம்மா: பொம்பிளை பாக்க வாறவரிட்டை வேறை என்னத்தைக் கேக்கிறது? உத்தியோகமும் சாதகமும் புறோக்கர் சொல்லிப்போட்டார். உமக்கு முதல் வந்த ரெண்டு பேரிட்டையும் இதைத்தான் கேட்டனான். ஒருத்தர் கதைப்புத்தகம் தொடமாட்டாராம். மற்றவர் நல்லாப் படிச்ச பிள்ளை, இவ உள்ளறையிலை சீலை உடுத்திக்கொண்டு நிண்ட நேரம் உள்ளதை உள்ளபடி சொன்னார். நீர் மேசையிலை இருந்த அவன்ரை படத்தைப் பாத்தீர், பிறகு என்னைப் பாத்தீர், பிறகு வந்திட்டான் எண்டு சொன்னீர். பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேட்டுக்கொண்டு இருந்தனான் தம்பி. ஆனால் இந்த வீட்டுக்குப் பிள்ளை ஒண்டு வந்திட்டுது எண்டது மட்டும் பொய்யில்லை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கிப்போச்சு.